99% ஐபிஏ, 500 மில்லி: சரக்கு சுத்தம், மூடிதான் சொதப்பல்

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒரு ஸ்டார் போனது மூடியால்.

ரிப்பேர் மேசையில் ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இது. லேபிளில் 99% என்று யாரும் அச்சடிக்கலாம். தராசு பொய் சொல்லாது. 20 டிகிரியில் 100 மில்லி சுமார் 78.5 கிராம் இருக்கவேண்டும், நம்ம ஊர்ச் சூட்டில் 78-க்குச் சற்றுக் கீழே. 87, 88 காட்டினால் அது தண்ணீர் கலந்த 70% சரக்கு. இந்த பாட்டில் 78 காட்டியது. கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டுக் காயவைத்தும் பார்த்தாயிற்று: வட்டமும் இல்லை, பிசுக்கும் இல்லை.

சால்டர் செய்த போர்டில் ரோசின் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் பூசும் பிசின்) நன்றாகவே கரைகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, தாராளமாக ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் நூல் உதிராத துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பிறகு புது ஐபிஏ ஊற்றி இன்னொரு அலசல். பலர் தேய்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். ஆல்கஹால் பறந்துவிடும், கரைந்த ரோசின் எங்கே போகும்? போர்டு முழுக்க வெள்ளைப் படலமாகப் படியும். அப்புறம் 'ஐபிஏ டூப்ளிகேட்' என்று ரிவ்யூ! தண்ணீரில் கரையும் வகை ஃப்ளக்ஸுக்கு இது வேலைக்காகாது. காய்ச்சி வடித்த வெந்நீர்தான் சரி.

அக்ரிலிக், பாலிகார்பனேட் பாகங்களில் படவிடாதீர்கள், மயிரிழை விரிசல் விழலாம்.

கைக்கு சானிடைசராக இதை அப்படியே பூசுவது வீண். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும்; 99% அதற்குள் ஆவியாகிவிடும். 70 மில்லி எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரை 100 மில்லி கோடு வரை ஊற்றுங்கள். 30 மில்லி என்று அளந்து ஊற்றினால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கும். இரண்டும் கலக்கும்போது கன அளவு சுருங்கும்.

இப்போது மூடி. உள்ளே சீல் இல்லாத ஃப்ளிப் டாப், சாய்த்தாலே கசிகிறது. ஐபிஏ காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் 99% மெல்ல இறங்கும். தீப்பற்றும் வெப்பநிலையோ 12 டிகிரிதான், அதாவது பொறி பட்டால் அறைச்சூட்டிலேயே ஆவி பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) ஓடும் மேசைக்கு இந்த மூடி லாயக்கில்லை. வந்த அன்றே இறுக்கமான திருகு மூடி உள்ள எச்டிபிஇ (ஒரு வகை பிளாஸ்டிக்) பாட்டிலுக்கு மாற்றி, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.