நுவேவா எசிஹாவில் இரண்டு இரவு: ஒரு பாட்டி நடத்தும் பண்ணை வீடு

மணிலாவில் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. தீவு, கடற்கரை என்று போனதெல்லாம் உண்டு. நெல் விளைகிற ஓர் ஊரில் ராத்தங்கியது மட்டும் இந்தத் தை மாதம்தான், அதுவும் அம்மா வந்திருந்ததால். கல்யாணம் ஆகும்வரை வயலில் இறங்கி நாற்று நட்டவர் அவர். மூன்று நாள் மால்களைச் சுற்றிய பிறகு, "இவங்க மூணு வேளையும் சோறுதானே சாப்பிடறாங்க, இந்த நெல்லெல்லாம் எங்கடி விளையுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன். அவள்தான் இந்தப் பண்ணை வீட்டின் எண்ணைக் கொடுத்தாள்.

இடம் நுவேவா எசிஹா மாகாணம், முன்யோஸ் பக்கம். மணிலாப் பக்கம் கூபாவோவில் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கி, ட்ரைசைக்கிளில், அதாவது பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில், இருபது நிமிஷம். ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று வீட்டுப் பாட்டி கேட்டுக்கொண்டார், ஆகவே இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 பேசோ. மூன்று வேளைச் சாப்பாடும், காலையில் பாட்டி ஊரைச் சுற்றிக் காட்டுவதும் அதில் அடக்கம். இரண்டே அறைகள்தான்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமான மெத்தை, கொசுவலை, மின்விசிறி. குளியலறை எல்லோருக்கும் ஒன்றே. வாளியும் குவளையும்தான், வெந்நீர் கிடையாது. எதிர்வீட்டில் ராத்திரி பத்து மணிவரை வீடியோகே பாடினார்கள். மூன்றரை மணிக்குச் சேவல் கூவ ஆரம்பித்துவிடும். தூக்கம் முக்கியம் என்பவர்களுக்கு இந்த வீடு சரிப்படாது.

காசு கொடுப்பது அந்தக் காலை நடைக்குத்தான். லோலாவுக்கு, அதாவது பாட்டிக்கு, வயது 81. கையில் ஒரு மூங்கில் கம்பு, தலையில் துண்டு. ஊரைத் தெருத் தெருவாகக் காட்டாமல், அது உருவான வரிசையில் காட்டுகிறார். முதலில் போனது ஊர்க்கோடியில் இருக்கும் ஒரு மூங்கில் புதருக்கு. வடக்கே இலோகோஸில் நிலம் போதாமல் கிளம்பிய குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நடந்து வந்து, இங்கேதான் முதலில் மாட்டை அவிழ்த்தார்களாம். அந்த வண்டி ஒன்றில் சிறுவனாக வந்தவர் பாட்டியின் தாத்தா. அன்றைக்கு இங்கே இருந்தது ஆளுயரக் கோகோன் புல்லும் காடும் மட்டும். வெட்டி, கொளுத்தி, வரப்பு போட்டார்கள். இன்றைக்கும் வீட்டுக்குள் பேச்சு அந்த வடக்கத்தி மொழியான இலோகானோதான். எங்களோடு மணிலாவில் பேசும் தகாலோகில் பேசினார்.

1903-ல் அமெரிக்க ஆட்சி கொண்டுவந்த பொது நிலச் சட்டப்படி, காடு திருத்திய ஒரு குடும்பம் 16 ஹெக்டேர்வரை தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நிலம் அளக்க வேண்டும், காகிதம் வேண்டும், பணம் வேண்டும். திருத்தியவர்களிடம் இது ஒன்றும் இல்லை. காகிதம் வைத்திருந்த பெரிய பண்ணைக்காரர் ஒருவர் வந்து, எல்லாம் தன் எல்லைக்குள் வருகிறது என்றார். அன்றிலிருந்து சொந்த வயலில் வாரக்குடியானவர்கள் ஆனார்கள். இங்கே அதற்குக் 'கசமா' என்று பேர். விளைச்சலில் பாதி பண்ணைக்குப் போகும். மீதிப் பாதியில் கடனைக் கட்ட வேண்டும். இரண்டு மூட்டை வாங்கினால் மூன்றாகத் திருப்பும் கடனுக்குத் தாலிந்துவா என்றும், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்புவதற்குத் தகிபான் என்றும் பேர் வைத்திருக்கிறார்கள். பாட்டி இந்த இரண்டு சொல்லையும் சொல்லும்போது விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அம்மாவுக்கு மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. ஜப்பான் படையை எதிர்த்து 1942-ல் உருவான ஹுக்பலஹாப் என்ற கெரில்லாப் படை இந்த மாகாணத்தின் வாரக்குடியானவர்களிடம் ஏன் அப்படி வேர்பிடித்தது என்பது, அந்த விரல்களைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது.

அடுத்தது சிற்றாலயம். ஒரு கூடம் அளவுதான் இருக்கும். உள்ளே உழவர்களின் காவலரான சான் இசித்ரோ. மே 15 அவர் திருநாள். முதலில் மூங்கிலும் நீபா ஓலையுமாக எழுப்பினார்களாம். ஆலயம் வந்த பிறகுதான் பக்கத்து ஊர்க்காரர்கள் இதை ஓர் ஊராகவே மதித்தார்கள் என்றார் பாட்டி. அதன் பிறகு பள்ளிக்கூடம், பிறகு ரோடு. 'பாரியோ' என்று அழைக்கப்பட்ட ஊர்களெல்லாம் 1974-ல் அரசாணைப்படி 'பரங்காய்' ஆயின. அந்தச் சொல்லுக்கு மூலமான பலங்காய் என்பது பழங்காலத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றி வந்த படகு. கடலே இல்லாத மாகாணத்தில், மாட்டு வண்டியில் வந்தவர்களின் ஊருக்குப் படகின் பெயர். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் நடை முழுக்க வாய்க்கால் கரையில். என்னைக் கேட்டால் இதற்காகவே போகலாம். பாட்டியின் அப்பாவுக்கு நிலம் திரும்பி வந்தது 1972 அக்டோபர் 21-ல் வந்த, உழுபவருக்கே நிலம் என்ற 27-ஆம் அதிபர் ஆணையால். நெல்லும் மக்காச்சோளமும் விளையும் நிலத்தில், பாசனம் உள்ளதென்றால் குடியானவருக்கு 3 ஹெக்டேர், இல்லாவிட்டால் 5. சும்மா கொடுக்கவில்லை; சராசரி ஆண்டு விளைச்சலைப் போல இரண்டரை மடங்கு விலை வைத்து, 15 வருஷத் தவணை. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் கட்ட முடியாமல் அது இழுத்துக்கொண்டே போய், கடைசிப் பாக்கி 2023-ல் வந்த கடன் தள்ளுபடிச் சட்டத்தில்தான் தீர்ந்தது. காகிதத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். டப்பாவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையை விலக்கி, அப்பாவின் பெயரில் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

நிலம் வந்தாலும் அப்போது ஒரு போகம்தான், மழையை நம்பி. 1977-ல் பன்டபாங்கன் அணை கட்டி முடிந்து இந்த வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் கோடையிலும் நடவு. ஊர் வளர்ந்தது அதற்குப் பிறகே என்கிறார். இரண்டாவது போகத்துப் பணத்தில் ஓலை வீடுகள் சிமென்ட் கல் வீடுகளாயின. அப்புறம் மகள்கள் தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் போனார்கள். நாங்கள் தங்கிய மாடியறை அப்படி வந்த பணத்தில் கட்டியது. ஆனால் அந்த அணைக்காகப் பழைய பன்டபாங்கன் ஊரே தண்ணீருக்குள் போனது. 2024 வறட்சியில் அணை வற்றியபோது இடிந்த கோயிலின் கற்கள் வெளியே தெரிந்தன. "எங்க வயலுக்கு வர்ற தண்ணி அவங்க ஊர் மேல நிக்குது" என்று சொல்லி, வாய்க்காலைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இதை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்லிக் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் கூடைப்பந்து மைதானம். பாதி மைதானத்தில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் பையன்கள் விளையாடுகிறார்கள். பந்து நெல்லில் உருண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எடுக்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பு செய்வது பாட்டியின் மருமகன். நல்ல மனிதர், ஆனால் பாட்டி ஐந்து நிமிஷம் பேசியதை ஆங்கிலத்தில் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார். எனக்குத் தகாலோக் தெரிந்ததால் தப்பித்தேன். தெரியாதவர்களுக்குக் கசமாவும் தகிபானும் காதிலேயே விழாது. இவ்வளவு பெரிய கதையை வைத்துக்கொண்டு அதை இப்படிச் சுருக்குவது எனக்கு ஆற்றாமையாக இருந்தது, அவரிடமே சொன்னேன். அடுத்தது 'நடவு அனுபவம்'. விருந்தினருக்கென்று ஓர் அறையளவு மூலையை ஒதுக்கி, பத்து நிமிஷம் நட்டுப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மா அந்த மூலையைப் பார்த்தார், புடவையைச் செருகிக்கொண்டு நேராக நிஜ நடவு வரிசையில் போய் நின்றுவிட்டார். பெண்கள் சிரித்துக்கொண்டே இடம் விட்டார்கள். குனிந்து, பின்னால் நகர்ந்தபடி நடுகிற அதே நடைதான். பக்கத்துப் பெண் அம்மா கையிலிருந்த கற்றையைப் பிரித்து, குத்துக்கு இரண்டு மூன்று நாற்று போதும் என்று காட்டினார். முதல் வரி முடியும்போது அம்மாவின் கை வேகம் அவர்களோடு சேர்ந்துவிட்டது. இதை விருந்தினர் எல்லோருக்கும் செய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். பாகூங் என்ற உப்பில் ஊறிய மீன் விழுது சேர்த்த பினாக்பெட் காய்கறிக் கூட்டு, வயல் விரால் வறுவல், டினோலா என்ற இஞ்சிக் கோழிச் சாற்றில் கை நிறைய முருங்கைக்கீரை. கீரைக்கு அவர்கள் சொல்லும் பேர் மலுங்காய். நம் முருங்கையின் உறவு மாதிரிக் காதில் விழுகிறது. பரிமாறிய மருமகனுக்கு நன்றி சொல்ல 'சலாமத் போ' என்று கற்றுக்கொடுத்தேன். கடைசியில் வரும் 'போ' மரியாதைச் சொல் என்பதை அம்மா நம்புவதற்கு ஒரு சாப்பாட்டு நேரம் ஆனது.

அன்று ராத்திரி திண்ணையில் பாட்டியும் அம்மாவும் ஒரு முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ரைஸ் என்று ஒரே சொல். இவர்கள் இருவருக்கும் அது போதாது. பாட்டி ஒரு மணியை எடுத்துப் 'பலாய்' என்றார், அம்மா 'நெல்' என்றார். பிகாஸ், அரிசி. கானின், சோறு. இபா, உமி. டராக், தவிடு. பின்லிட், குருணை. டயாமி, வைக்கோல். புன்லா, நாற்று. பிலாபில், வரப்பு. அரை மணி நேரம் போயிற்று. நான் மொழிபெயர்க்க வாய் திறக்கவே இல்லை.

அரிசி இறக்குமதியைத் திறந்துவிட்ட 2019 சட்டத்துக்குப் பிறகு ஒரு அறுப்பில் ஈர நெல்லைக் கிலோ 12 பேசோவுக்கு விற்றதாகவும், அந்த வருஷம்தான் அறைகளை வாடகைக்கு விட ஆரம்பித்ததாகவும் பாட்டி சொன்னார். அறுவடை இயந்திரம் வந்ததால் கூலிக்கு அறுத்த குடும்பங்களில் சில மணிலாவுக்கே போய்விட்டன. அவர்கள் விட்டுப்போன இரண்டு வீடுகளையும் நடையின்போது காட்டினார், மறைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நடவு பார்க்க டிசம்பர், ஜனவரி, அறுப்புக்கு மார்ச் கடைசி. செய்தி அனுப்பினால் பதில் வர இரண்டு நாள் ஆகும், போனில் கூப்பிடுவது நல்லது. முன்யோஸில் ட்ரைசைக்கிள் கூலியை ஏறும்முன் பேசிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒருவர் இரட்டிப்பாக வாங்கிவிட்டார். ஒரு பாதி நாள் மிச்சமிருந்தால், அங்கேயே பிலிப்பைன் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அரிசிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பாட்டியின் வயல் அரிசி கிலோ 50 பேசோ, பை நீங்கள் கொண்டுபோக வேண்டும். நாங்கள் பத்து கிலோ வாங்கினோம். அம்மா ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் அதிலிருந்து ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டார்.