மாத்தளை மிளகும் சேர்வராயன் மிளகும்: இலங்கையோடு எந்த ஒப்பந்தம் நமக்கு ஆகும்?

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்க நின்றால் மிளகு விலையைப் பேசாமல் யாரும் நகர்வதில்லை, அந்தப் பேச்சு ஐந்தாவது நிமிஷத்தில் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போய்விடும். "அங்கிருந்து வர்ற சரக்காலதாங்க நமக்கு விலை நிக்க மாட்டேங்குது, கதவைச் சாத்தினாத்தான் சரிப்படும்" என்பார் ஒருவர். "பக்கத்து நாட்டோட வியாபாரம் பண்ணாம எப்படிங்க முன்னுக்கு வர்றது, எல்லாத்தையும் திறந்து விடணும்" என்பார் இன்னொருவர். நாகலூர்ப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது, காபியும், நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகும். ஆகவே இந்த வாக்குவாதத்தில் என் பணமும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பணம் மட்டும் இல்லை. சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் என் பாட்டியின் குடும்பமும் சேர்த்தி. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. அந்தக் கணக்கில் பாட்டி இந்தக் கரைக்கு வந்தார், அவருடைய அண்ணன் மாத்தளையிலேயே தங்கிவிட்டார். அந்த அண்ணனின் மகன், எனக்கு மாமா முறை, இன்றைக்கும் அங்கே ஒரு துண்டு நிலத்தில் கிளிரிசிடியா மரங்களில் மிளகு ஏற்றி வைத்திருக்கிறார். டீக்கடையில் இலங்கை மிளகுக்குத் திட்டு விழும்போதெல்லாம் எனக்கு அவர் வீட்டுக் களம்தான் கண்ணில் வரும்.

சரி, மேசையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில், நம் ஆட்கள் அதிகம் கேட்கிற வழி.

கதவைச் சாத்துவது

இதைச் செய்தே பார்த்தாகிவிட்டது. 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று கிலோவுக்கு 500 ரூபாய் வைத்தது, 2018 மார்ச்சில் அதற்குக் கீழே உள்ள சரக்குக்குத் தடை என்றே அறிவித்தது. எங்கள் மலையில் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது, எனக்கும்தான். 2016-இல் கிலோ 700 ரூபாய்ப் பக்கம் விற்ற மிளகு மறுபடி அங்கே போய் நிற்கும் என்று நம்பி, அந்த வருஷம் பறித்துக் காயவைத்த சரக்கில் பாதியை விற்காமல் வைத்திருந்தேன். 2019-இல் அது 400 ரூபாய்க்கும் கீழே போயிற்று. வியட்நாமில் மிளகு மலையாகக் குவிந்து உலகம் முழுக்க விலை சரிந்துகொண்டிருந்தபோது நாம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தப்பிக்க முடியவில்லை. ஏற்றுமதிக்காக மிளகுச் சாறு எடுக்கும் ஆலைகளுக்கு விதிவிலக்கும் கொடுத்தார்கள். பில்லில் மட்டும் 500 ரூபாய் காட்டிவிட்டு உண்மையில் குறைந்த விலைக்கு இறக்குகிறார்கள் என்ற புகாரும் கிளம்பியது.

அந்த நாட்களில் மாமா போன் செய்தார். "உங்க அரசாங்கம் என்னமோ சட்டம் போட்டிருக்காமே, இங்க வாங்குற முதலாளி பாதி விலைக்குக் கேட்குறார் மருமகனே" என்றார். இங்கே எனக்கு விலை ஏறவில்லை, அங்கே அவருக்கு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் அடிபட்ட ஒரு சட்டத்தை வெற்றி என்று எப்படிச் சொல்வது? பாக்குக்கும் இதே மருந்துதான், 2023-இல் கிலோ 351 ரூபாய் என்று வைத்தார்கள். வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர்கள் அதை ஆதரிப்பது எனக்குப் புரிகிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவசரத்துக்குப் போடுகிற கட்டு அது. கட்டையே வைத்தியம் என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

இருப்பதை இருக்கிறபடி விடுவது

இப்போது நடப்பில் இருப்பது 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்தியா - இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். பொருட்களுக்கு மட்டுமானது, ஆட்கள், சேவைகள், முதலீடு எல்லாம் இதில் வராது. பெரிய நாடு சின்ன நாட்டுக்கு விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தம் இது என்பதை நம் ஊரில் பலரும் கவனிப்பதில்லை: இந்தியா மூன்று வருஷத்தில் வரியை நீக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு வருஷ அவகாசம், சலுகை தர மாட்டோம் என்று இந்தியா ஒதுக்கிய பொருட்கள் 429, இலங்கை ஒதுக்கியவை 1,180. கொழும்பில் "இந்தியா நம்மை விழுங்கிவிடும்" என்று பேசுபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். இலங்கையிலிருந்து இங்கே வரும் ஏற்றுமதியில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஒப்பந்தச் சலுகையில்தான் வருகிறது, இங்கிருந்து அங்கே போவதில் சுமார் 5 விழுக்காடுதான் அதைப் பயன்படுத்துகிறது. நம் சரக்கு சலுகை இல்லாமலே அங்கே விற்றுவிடுகிறது, அவர்களுக்குத்தான் சலுகை தேவைப்படுகிறது.

மிளகு எங்கே வருகிறது? பொதுவாக இந்தியாவுக்குள் மிளகு வந்தால் 70 விழுக்காடு வரி. தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தப்படி வியட்நாமுக்குக்கூட 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இலங்கைக்கோ வருஷத்துக்கு 2,500 டன் வரை வரியே இல்லை, அதற்கு மேல் வருவது சாஃப்டா என்ற தெற்காசிய ஒப்பந்தத்தின் வழியாக 8 விழுக்காட்டில் வரலாம். ஒரு வாசலில் 50, பக்கத்து வாசலில் 8 என்றால் சரக்கு எந்த வாசலைத் தேடிப் போகும்? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, சாக்கு மாறி, இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு இங்கே வருகிறது என்ற புகார் இதிலிருந்துதான் பிறந்தது.

இது முதல் தடவையும் இல்லை. 2000-க்குப் பிறகான வருஷங்களில் வனஸ்பதியில் இதே கூத்து நடந்தது. இலங்கையில் பாமாயிலுக்கு வரி குறைவு, இந்தியாவில் அதிகம். ஆகவே மலேசிய, இந்தோனேசிய எண்ணெயை அங்கே இறக்கி வனஸ்பதியாக்கி வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள், அதற்காகவே ஆலைகள் கட்டினார்கள், அதில் இந்திய முதலாளிகளும் இருந்தார்கள். கடைசியில் இந்தியா வருஷத்துக்கு 2,50,000 டன் என்று வரம்பு போட்டதும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, வேலை போனது அங்கிருந்த தொழிலாளிக்கு.

இலங்கை விவசாயி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருடைய ஊர்ப் பெயரை இன்னொருவர் திருடி விற்கிறார், அதில் எனக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம். மறு ஏற்றுமதிக்காக மிளகு இறக்குவதை 2019 டிசம்பரில் இலங்கை அரசே தடுத்தது என்றால் அங்கேயும் விவசாயிகள் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். காரத்திலும் எண்ணெயிலும் மாத்தளை மிளகு நல்ல பேர் வாங்கியது, சாறு எடுக்கிற ஆலைகள் அதைத் தேடி வாங்குகின்றன. கலப்படப் பெயரை அது சுமக்க வேண்டியதே இல்லை.

இந்தப் பழைய ஒப்பந்தத்தின் மேல் இந்தியா போட்ட ஒரு நல்ல பூட்டு 2020 செப்டம்பர் 21-இல் அமலுக்கு வந்த காரோடார் விதிகள், அதாவது சலுகையில் வரும் சரக்கு எந்த நாட்டுடையது என்று சரிபார்க்கும் சுங்க விதிகள். அதுவரை அந்த நாட்டுச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் போதும். இப்போது சரக்கு எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்ற விவரத்தை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும், சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும், இல்லையென்றால் சலுகை கிடையாது. 500 ரூபாய்த் தடையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது மாமாவைத் தடுக்காது.

வரியையே ஒன்றாக்கிவிட்டால்?

சுங்க ஒன்றியம் என்ற இன்னொரு யோசனை உண்டு: இரண்டு நாடும் வெளியாருக்கு ஒரே வரி போட்டால் வாசல் மாற்றும் வேலைக்கே இடமில்லை. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் அப்போது இலங்கையின் வரியை நடைமுறையில் டெல்லிதான் முடிவு செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு துருக்கி 1995-இல் அப்படி ஒன்று செய்துகொண்டது, வரியைத் தீர்மானிக்கும் மேசையில் துருக்கிக்கு ஓட்டு இல்லை. சுமார் 2.2 கோடி பேர் உள்ள நாட்டிடம் 140 கோடி பேர் உள்ள நாடு இதைக் கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

எட்கா

பெரிய சண்டை இதில்தான். பழைய ஒப்பந்தத்தை விரிவாக்க முதலில் சீபா, அதாவது விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை உடன்படிக்கை என்ற பெயரில் பேசி, 2008-இல் கையெழுத்தாகும் என்று எதிர்பார்த்து, கடைசி நேரத்தில் இலங்கை பின்வாங்கியது. 2016-இல் எட்கா, அதாவது பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை என்று பேச்சு புதிதாகத் தொடங்கியது. நடுவில் பல வருஷம் கிடப்பில் கிடந்து 2023-இல் மறுபடி எடுத்து, 2024 ஜூலைக்குள் 14 சுற்றுப் பேசியாயிற்று. பொருளோடு சேவை, முதலீடு, தொழில்நுட்பம் எல்லாவற்றையும் சேர்ப்பது இதன் நோக்கம்.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம், தகவல் தொழில்நுட்பக்காரர்கள், அப்புறம் "இந்திய விரிவாக்கம்" என்பதைப் பல பத்தாண்டுகளாக எதிர்த்துவந்த இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. இந்தியாவிலிருந்து படித்தவர்கள் கூட்டமாக வந்து குறைந்த சம்பளத்துக்கு வேலையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். தகவல் தொழில்நுட்பமும் கப்பல் கட்டுதலும் தவிர வேறு சேவைத் துறையைத் திறக்க மாட்டோம் என்று அப்போதைய கொழும்பு அரசு சொல்லியும் பயம் தணியவில்லை. இன்றைக்கு அதே ஜே.வி.பி. தலைமையில் தேசிய மக்கள் சக்தி ஆட்சியில் இருக்கிறது, 2024 டிசம்பரில் டெல்லிக்கு வந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க எட்கா பேச்சைத் தொடரச் சம்மதித்து கூட்டறிக்கையே வெளியிட்டார். 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல், மருந்து இல்லாமல் தவித்தபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி செய்தது, அதற்கும் இந்த மனமாற்றத்தில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு காலத்தில் ஆட்களைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் ஒப்பந்தம்தான், தலைமுறைகள் கழித்துத் திருப்பி அனுப்பியதும் ஒப்பந்தம்தான், இரண்டிலும் என் பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்கள் போய்வருவதைப் பற்றிய ஒப்பந்தம் என்றால் யார், எத்தனை வருஷம், என்ன சம்பளம், தகுதியை யார் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றும் வெளியே தெரிய வேண்டும். எட்கா வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் போட்டுப் பேசியிருந்தால் எதிர்ப்பில் பாதி குறைந்திருக்கும்.

நம் பக்கம் இதில் என்ன கிடைக்கும்? எங்கள் மலைக்கு நேரடியாகப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதே உண்மை. சேலத்தில் பொறியியல் படித்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்குக் கொழும்பு ஒரு பெரிய சந்தை இல்லை. ஆனால் எட்கா பேச்சில் பொருள் பற்றிய பகுதியைத் திறக்கும்போது சலுகைப் பட்டியலும் தோற்றச் சான்று விதியும் திருத்தத்துக்கு வரும். மிளகு, பாக்கு விளைவிப்பவர்கள் இப்போதே கவனமாக இருக்க வேண்டியது அங்கேதான், கையெழுத்து ஆன பிறகு மறியல் செய்து பயனில்லை.

ஒப்பந்தம் இல்லாமலே ஒட்டுவது

கப்பல், கம்பி, பணம். 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், மழைக்காலம் வந்ததும் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. 2024 பிப்ரவரியில் இலங்கைக் கடைகளில் யூபிஐ வந்தது. 2025 ஏப்ரலில் இரண்டு நாட்டு மின்கட்டமைப்பையும் இணைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். ராமேஸ்வரம் - தலைமன்னார் பாலம் பற்றிய பேச்சும் விட்டு விட்டு வருகிறது, அது எப்போது நடக்கும் என்று நான் கனவு காணவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடி போகும்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறித்தான் பாட்டி காலத்து ஆட்கள் போய்வந்தார்கள்.

எட்காவையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நான் முதலில் இதைத்தான் எடுப்பேன். யாருடைய வேலையும் போகாது, யாருடைய வரியும் மாறாது, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். குறை ஒன்று உண்டு: இது மிளகுப் பிரச்சினையைத் தொடவே தொடாது, சரக்குக் கப்பல் சுலபமானால் பொய்ச் சாக்கும் சுலபமாகத்தான் வரும். ஆகவே கப்பலும் காரோடாரும் ஜோடியாக வர வேண்டும், பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும், எட்காவை அவசரமில்லாமல் பகுதி பகுதியாகப் பேசட்டும் என்பதுதான் என் கட்சி.

இதை ஒண்டிக்கடையில் சொன்னபோது ஒரு பெரியவர், "அவங்க சரக்கு எங்க விளைஞ்சதுன்னு கேட்குறியே, உன் சரக்கு எங்க விளைஞ்சதுன்னு சேலத்துல யாருக்காவது தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியாது. மண்டியில் ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் எடை நிற்கிறது என்று பார்த்து விலை போடுவார்கள், அப்புறம் நாகலூரும் வேறு மலையும் ஒரே குவியலில் கொட்டப்படும். மாத்தளைக்காரர் காட்ட வேண்டும் என்று நான் கேட்கிற காகிதம் என்னிடமே இல்லை. அதனால் போன தை மாசத்திலிருந்து நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து சாக்குக்கு எண் போட்டு, எந்தத் தோட்டம், எந்தத் தேதி பறிப்பு, எத்தனை நாள் காயவைத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். மாமாவிடம் போனில் சொன்னேன். நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார், அங்கேயும் அதே மாதிரி எழுத ஆள் சேர்க்கிறாராம்.