பாதுகாப்பு வரி விசாரணையா? நுங்கம்பாக்கத்து இந்த வக்கீல் அலுவலகத்தை நம்பலாம்

தாய்லாந்தில் ஆலை வைத்திருக்கும் உற்பத்தியாளர் ஒருவருக்குச் சென்னையில் இருந்து இறக்குமதி வேலை பார்க்கிறோம். அவர்கள் பொருள் மீது பாதுகாப்பு வரி (உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதி மீது போடும் safeguard duty) விசாரணை அறிவிப்பு வந்ததும் இந்த அலுவலகத்துக்குப் போனோம், ரொம்ப நல்ல முடிவு.

பலர் இதைப் பொருள்குவிப்பு எதிர்ப்பு வரியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கும். இதில் உற்பத்தியாளர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை, இறக்குமதி ஏறியதால் உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் பாதிப்பு என்று நிறுவினாலே வரி வந்துவிடும். அதனால் நியாய விலைக்குத்தான் விற்றோம் என்று வாதாடிப் பயனில்லை என முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் பிடித்தது வேறு இடம்: இறக்குமதி உண்மையில் ஏறியதா, எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள், நஷ்டத்துக்கு இறக்குமதிதான் காரணமா இல்லை உள்நாட்டு ஆலைகளின் சொந்தச் செலவா.

1975ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 8பி பிரிவில் வளரும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பொருளின் இறக்குமதியில் ஒரு நாட்டின் பங்கு 3 சதவீதத்தையும், அப்படிப்பட்ட நாடுகளின் மொத்தப் பங்கு 9 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அதையும் கணக்கோடு எழுதிக் கொடுத்தார்கள். விலை விவரங்களை மறைத்து, மற்ற தரப்பினரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிப்பாக எங்கள் பதிலைத் தயாரித்த விதம் அவ்வளவு கவனமானது.

ஒரு குறை, டெல்லி வாய்மொழி விசாரணைக்குப் போய்வந்த செலவைத் தனி பில்லாக நீட்டினார்கள், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மற்றபடி அறிவிப்பு வந்த கையோடு போய்ப் பாருங்கள், பதில் தரக் கிடைக்கும் அவகாசம் குறைவு.