ஜிம்மில் ‘ஸ்ட்ரெட்ச்சிங் பேக்கேஜ்’ விற்கிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜிம்மில் சேரும்போது ‘அசிஸ்டட் ஸ்ட்ரெட்ச்சிங்’ என்று தனியாக ஒரு பேக்கேஜை நீட்டினால் கொஞ்சம் பொறுங்கள். நாம் பாயில் படுத்துக்கொள்ள, இன்னொருவர் நம் கைகால்களைப் பிடித்து இழுத்துவிடுவார். அதற்குத்தான் அந்தக் காசு. முறையாகப் படித்தவர் செய்தால் நல்ல விஷயம்தான். எனக்கு வாய்த்தவர் படித்தவர் இல்லை.

திருச்சியில் எங்கள் வீட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஜிம் அது. பெயர் வேண்டாம். ஆண்டுச் சந்தாவோடு ‘மொபிலிட்டி தெரபி’ என்று ஒன்றைச் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். “சர்டிஃபைடு தெரபிஸ்ட்தான் செய்வார், மேடம்” என்று மேனேஜர் அடித்துச் சொன்னார். வந்து நின்றதோ, அதுவரை வரவேற்பு மேஜையில் அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டிருந்த தம்பி!

வேலை முடிந்து ஸ்கூட்டியில் நேராக ஜிம்முக்குப் போயிருந்தேன். கொஞ்சம் ட்ரெட்மில்லில் நடந்துவிட்டு வரட்டுமா என்றதற்கு, “ஸ்ட்ரெட்ச்சிங்கே வார்ம் அப்தான்க்கா” என்றார். மல்லாக்கப் படுக்க வைத்து, என் வலது காலை முட்டி மடங்காமல் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் தள்ளினார். வலிக்கிறது என்றேன். “வலிச்சாத்தான்க்கா லூசாகும். மூச்சைப் புடிச்சுக்கோங்க.” அப்புறம் தன் உடம்பு எடையை வைத்து விட்டு விட்டு உந்த ஆரம்பித்தார். பிட்டத்துக்குக் கீழே ‘பட்’டென்று ஏதோ தெறித்தது. நான் கத்தின கத்தலுக்கு அவர் சொன்ன பதில்: “ஆங், ரிலீஸ் ஆயிடுச்சுக்கா!”

ரிலீஸ் ஆனது தசைநார். தொடையின் பின்பக்கம் முட்டி வரைக்கும் கன்றிக் கறுத்துப்போனது. ஸ்கேன் பார்த்த எலும்பு மருத்துவர், ஹாம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசை இடுப்பெலும்போடு ஒட்டும் இடத்தில் பாதிக் கிழிவு என்றார். உட்கார்ந்தால் அந்த இடம்தான் நாற்காலியில் அழுந்தும். அலுவலகத்தில் பாதி வேலையை நின்றுகொண்டே பார்த்தேன்.

அங்கே நடந்தது எல்லாமே தலைகீழ் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்தது. தசையைச் சட்டென்று இழுத்தால், தன்னைக் காத்துக்கொள்ள அது உடனே சுருங்கும். சுருங்கும் தசையை இன்னொருவர் எடை போட்டு உந்தினால் கிழியாமல் என்ன செய்யும்? முதலில் ஐந்து பத்து நிமிடம் நடந்தோ சைக்கிள் மிதித்தோ உடம்பைச் சூடாக்க வேண்டும். உடற்பயிற்சிக்கு முன்னால் காலை வீசுவது, கையைச் சுழற்றுவது போன்ற அசைவுகள் போதும். ஒரே நிலையில் நிறுத்திப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச்சைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்: 10 முதல் 30 விநாடி, உந்தாமல், மூச்சை இயல்பாக விட்டபடி. இழுக்கிற உணர்வு இருக்கலாம். சுருக்கென்ற வலி கூடாது. கால் மரத்தாலோ சுள்ளென்று மின்சாரம் பாய்வது போல இருந்தாலோ நரம்பு இழுபடுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். ‘இதைச் செய்தால் மறுநாள் உடம்பு வலியே இருக்காது’ என்றுதான் போஸ்டர் ஒட்டி விற்கிறார்கள். ஸ்ட்ரெட்ச்சிங்கால் அந்த வலி குறைவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரன் ஆய்வுத் தொகுப்பு 2011இலேயே சொல்லியாகிவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மேனேஜர் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘நான்-ரீஃபண்டபிள்’ என்பதைக் காட்டினார். “உங்களுக்கு ஏற்கனவே ஏதாச்சும் பிரச்சினை இருந்திருக்கும், மேடம்.” சரி, அந்த சர்டிஃபிகேட்டையாவது காட்டுங்கள் என்றேன். பல முறை கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் வந்தது. வார இறுதி ஆன்லைன் வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ், அதுவும் ஏரோபிக்ஸுக்கு!

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதற்கும் ஜிம் மசியவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் கவனிக்க: பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ரசீது, ஸ்கேன் அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். என்னிடம் போஸ்டரின் போட்டோகூட இருக்கிறது.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், அதே ஜிம் அதே பேக்கேஜுக்கு ‘60 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சிறப்புச் சலுகை’ என்று பேனர் கட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்கள் விசாரித்துவிட்டும் வந்துவிட்டார்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் காலை இப்படி யாராவது வளைத்து இழுத்தால் எலும்பு முறியலாம், மூட்டு நழுவலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சேரப் போவதாகச் சொன்னால், முதலில் அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.