இ-சலான் தளம்: பணம் வாங்குவதில் சுறுசுறுப்பு, பதில் சொல்வதில் மந்தம்

அதிவேகத்துக்காக முதல் சலான் வந்ததும் பெரும்பாலானவர்கள் தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். ‘ஆயிரம்தானே, கட்டித் தொலைப்போம்’ என்று கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இ-சலான் தளமும் அதற்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. பணம் கட்டும் வழி கண்ணில் அடிக்கும்படி இருக்கும். எந்தப் பிரிவில் வழக்கு, என்ன வேகம் பதிவானது, படம் எங்கே என்பதையெல்லாம் நாமாகத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் முதல் சலானில் தொகையைவிட முக்கியம் அந்தப் பிரிவு எண்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. வந்த செய்தி உண்மையானதா? வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வாகனத்துக்குச் சலான்’ என்று ஒரு ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் அது மோசடி, தொடவே வேண்டாம். அதை நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸையும் ஓடிபியையும் படிக்கத் தொடங்கிவிடும். எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு இருந்தாலும் அதை அழுத்தாமல், பிரவுசரில் தளத்தின் பெயரை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். முகவரி ‘பரிவாஹன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். நடுவில் ‘பரிவாஹன்’ என்று வந்து கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது போலி. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

தளத்தில் சலான் எண், வாகன எண், ஓட்டுநர் உரிம எண் ஆகிய மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வாகன எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும். ஆர்சியை (வாகனப் பதிவுச் சான்றை) கையில் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. பலர் தடுக்கி விழும் இடம் ஓடிபி. ஆர்சியில் பதிவான கைபேசி எண் பழையதாக இருக்கலாம், வண்டி வாங்கியபோது டீலர் தன் எண்ணையே கொடுத்திருக்கவும் கூடும். அப்படியானால் சலான் விழுந்த விவரமே உங்களுக்கு வந்து சேராது. வாகனப் பதிவுகளுக்கான ‘வாகன்’ தளத்தில் கைபேசி எண்ணைப் புதுப்பிக்கும் சேவை தனியாக இருக்கிறது. சலான் வராதவர்களும் இதை இன்றே செய்துவிடலாம்.

விவரப் பக்கம் திறந்ததும் பிரிவைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183 என்றால் வேக வரம்பு மீறல். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2000 முதல் 4000 வரை. சிறைத் தண்டனை கிடையாது. இணக்கக் கட்டணம், அதாவது நீதிமன்றம் போகாமல் வழக்கை முடித்துக்கொள்ளும் தொகை, கட்டினால் அந்த வழக்கு அத்தோடு முடியும். 184 என்று இருந்தால் கதையே வேறு. அது ஆபத்தாக ஓட்டியதற்கான பிரிவு. முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 முதல் 5000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியதற்கு மட்டும்தான் இணக்கக் கட்டணத்துக்கு வழி உண்டு. மற்றபடி நீதிமன்றம்தான். ‘ரெண்டும் ஸ்பீடு கேஸ்தானே’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 184 என்று கண்டால் பணம் கட்டும் யோசனையை விட்டுவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். 183-க்கு வழக்கறிஞர் தேவையில்லை.

அடுத்தது படம். கேமரா சலான் என்றால் விவரப் பக்கத்தில் படத்துக்கான இணைப்பு இருக்க வேண்டும். இந்தத் தளத்தின் உருப்படியான அம்சமே இதுதான், ஆனால் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பெரிதாக்கிப் பார்த்து நம்பர் பிளேட்டை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கேமராவின் மென்பொருள் இரவிலும் மழையிலும் 3-ஐ 8 என்றும், 8-ஐ ஆங்கில ‘பி’ என்றும் படித்துவிடும். பூ வேலைப்பாடு செய்த எழுத்தும், எழுத்தைப் பாதி மறைக்கும் போல்ட்டும் அதற்கு உதவி செய்யும். நம்பர் சரியாக இருந்து வண்டியின் நிறமோ மாடலோ வேறாக இருந்தால், உங்கள் எண்ணை வேறு யாரோ மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அப்போது சலானை மறுப்பதோடு நிற்காமல் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு சலான் வரும்.

‘கேமரா கோணலாக இருந்தது, அதனால்தான் வேகத்தைக் கூட்டிக் காட்டிவிட்டது’ என்ற வாதம் எடுபடாது. ராடார் தன்னை நோக்கி வரும் திசையில் உள்ள வேகத்தைத்தான் அளக்கும், கோணம் கூடக்கூட அளவு குறையும். 20 டிகிரி கோணத்தில் 80 கிலோமீட்டர் வேகம் 75 என்றுதான் பதிவாகும். அதாவது கோணப் பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது. உண்மையான பிழை வேறு இடத்தில் வரும்: ராடார் கற்றை அகலமானது, இரண்டு வண்டிகள் ஒட்டிப் போகும்போது எதன் வேகம் பதிவானது என்ற சந்தேகம் எழலாம். படத்தில் பக்கத்து லேனில் இன்னொரு வண்டி இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். லேசர் கருவியின் கற்றை குறுகலானது, அங்கே இந்த வாதம் பலவீனம்.

சட்டத்தில் உங்களுக்குத் துணையாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, 183-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு: ஒரு சாட்சி ‘வேகமாகப் போனார் என்று நினைக்கிறேன்’ என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவியின் அளவீடு வேண்டும். கேமராவோ ஸ்பீட் கன்னோ இல்லாமல் கண்மதிப்பில் எழுதிய சலானுக்கு இது பொருந்தும். இன்னொன்று, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ விதி. கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறது அந்த விதி. மறுக்கப் போகிறவர் அந்தச் சாலையில் பலகை இருக்கிறதா என்று தேதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது.

கட்டுவது என்று முடிவானால் வேலை சில நிமிடம்தான். ஆனால் வங்கிக் கணக்கில் பணம் கழிந்தும் சலான் ‘நிலுவை’ என்றே காட்டுவது இந்தத் தளத்தின் பழைய வியாதி. பதற்றத்தில் மறுபடி கட்டிவிடாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் இணைப்பு அங்கேயே இருக்கிறது, முதலில் அதில் பாருங்கள். வங்கியின் பரிவர்த்தனை எண்ணைப் படம் பிடித்து வையுங்கள், புகார் கொடுக்க நேர்ந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

சில நாள் விட்டுப் பார்த்தால் சலானுக்கு எதிரே ‘நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று இருக்கலாம். அதன் பிறகு இந்தத் தளத்தில் கட்ட முடியாது, மெய்நிகர் நீதிமன்றத் (இணையவழி நீதிமன்றம்) தளத்துக்குப் போக வேண்டும். எந்தத் துறை என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வாகன எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்தால் நீதிபதி விதித்த தொகை தெரியும். அங்கே இரண்டே வழிகள்: கட்டுவது, எதிர்ப்பது. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறிவிடும், அப்புறம் வாய்தாவுக்கு நேரில் போக வேண்டும். சும்மா அழுத்திப் பார்க்கும் பட்டன் இல்லை அது. வெளியூரில் விழுந்த சலான் என்றால் பயணச் செலவையும் விடுப்பையும் கணக்குப் போட்டுவிட்டு அழுத்துங்கள். காகிதத்தில் சம்மன் வந்தவர்களுக்கு 208-ஆம் பிரிவு ஒரு வசதி தருகிறது: குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் எழுதி, குறிப்பிட்ட தொகையையும் அனுப்பிவிட்டால் நேரில் போக வேண்டியதில்லை.

தளத்தின் மிகப் பலவீனமான பகுதி குறைதீர்ப்பு. படிவம் எளிதுதான், சலான் எண், கைபேசி எண், விவரம், இணைப்பு அவ்வளவே. ஆனால் ‘இது என் வண்டி இல்லை, விசாரிக்கவும்’ என்று ஒற்றை வரி எழுதினால் நகராது. சலான் படம், ஆர்சி, உங்கள் வண்டியின் முன்புறப் படம் மூன்றையும் இணைத்து, எந்த எழுத்து எப்படி மாறியிருக்கிறது என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அதே மனுவின் நகலைச் சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் அனுப்புங்கள். ரத்து செய்வது சலான் போட்டவர்கள் கையில்தான் இருக்கிறது, தளம் வெறும் தபால்காரர்.

வண்டியை வேறொருவர் ஓட்டியிருந்தால் ஓட்டியவர் விவரத்தைக் கேட்கும்போது சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை, 133-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. விற்ற வண்டிக்குச் சலான் வருவது இன்னொரு தலைவலி. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்தால் சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கட்டாமல் விட்டால்? பெயர் மாற்றம், என்ஓசி (தடையின்மைச் சான்று), தகுதிச் சான்று என்று ஆர்டிஓ வாசலில் நிற்கும் நாளில்தான் அது முன்னால் வந்து நிற்கும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதம் கழித்து நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 514-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு இருக்கிறது, தளத்தில் சலானும் தானாக மறையாது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் நிலுவை அபராதத்துக்கு 50 சதவீதத் தள்ளுபடி கொடுத்ததை நினைத்து இங்கேயும் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த நப்பாசையில் 183 சலானைக் கிடப்பில் போடுவது நல்ல கணக்கு இல்லை.

இரண்டாவது முறை 183-இல் சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்து உரிம அதிகாரிக்கு அனுப்பலாம். இணக்கக் கட்டணம் கட்டினாலும் உரிமத்தின் மீதான அந்த நடவடிக்கை நிற்காது என்று 200-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் முதல் சலான் தவறானது என்றால் ஆயிரம் ரூபாய்க்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது மறுக்க வேண்டும்.

தளத்துக்கு என் மதிப்பெண்: தேடலுக்கும் பணம் கட்டும் வசதிக்கும் ஐந்துக்கு நான்கு, குறைதீர்ப்புக்கு ஒன்றரை. கட்டி முடித்தவர்கள் ரசீதைப் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். சில நாள் கழித்து சலான் நிலையையும், வாகன் தளத்தில் உங்கள் வண்டிக்குத் தடை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். இரண்டும் தனித்தனிப் பதிவுகள், ஒன்று மாறியதால் மற்றது மாறிவிட்டது என்று அர்த்தமில்லை.