பியூரிஃபையரா, ஃபேன் பொட்டியா, ஈரத்துணியா? பித் களத்துக்குப் பக்கத்து வீட்டுல இருந்து ஒரு அலசல்

எங்க ஊரு பொள்ளாச்சியில இருந்து கோபாலபுரம் போற ரோட்டுல இருக்கு, இன்னும் கொஞ்சம் போனா கேரளா. வீட்டுக்குக் கிழக்கால ஒரு தோப்பு, தோப்பைத் தாண்டுனா நார் மில்லு, மில்லை ஒட்டி பித் காயப்போடற களம். தேங்கா மட்டையில நாரை உரிச்ச பின்னாடி மிஞ்சற காப்பித்தூள் மாதிரி சமாச்சாரம்தான் பித், அதைக் கழுவி வெயில்ல உலத்தி செங்கல் கணக்கா அமுக்கி கப்பல்ல ஏத்திடறாங்க, எங்கயோ வெளிநாட்டுல தக்காளிச் செடி அதுல வளருது, தூசி மட்டும் எங்க வீட்டுலயே தங்கிக்குது.

ஆனி ஆடியில பிரச்சனை இல்லைங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்து அம்மியைத் தூக்குதோ இல்லையோ, தூசியை அந்தப் பக்கமே தள்ளிடும். மார்கழி பொறந்து காத்து கிழக்கால திரும்புனா போச்சு, மாசி பங்குனி வரைக்கும் எங்க பக்கம்தான். போன தடவை அந்த சீசன்லதான் பையனுக்கு இளைப்பு வந்து டாக்டரு இன்ஹேலர் எழுதிக் குடுத்து, வீட்டுல தூசி புகையைக் கொறைங்கன்னாரு. அதே மாசம் கொழிஞ்சாம்பாறையில இருக்கற எங்கக்கா 12,000 ரூபாய்க்கு ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கிட்டு போட்டோ அனுப்புனா. அதை அத்தைகிட்ட காட்டுனதுக்கு, "ஏன் அம்மிணி, காத்தைக் கழுவறதுக்குமா மெசினு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா கேள்வி மண்டைக்குள்ளயே இருந்துச்சு.

அப்பிடி ஆரம்பிச்சதுதான் இது. அக்கா வீட்டுல கம்பெனி மெஷினு, எங்க வீட்டுல வீட்டுக்காரரு கட்டுன ஃபேன் பொட்டி, ரெண்டுக்கும் நடுவுல ஈரத்துணி, சன்னல், அடுப்புன்னு காசில்லாத சமாச்சாரங்க. ஒரு சீசன் பூரா பாத்துட்டு எழுதறேன்.

மொதல்ல கம்பெனி மெஷினு. உள்ள ஒரு ஃபேனு, அதுக்கு முன்னாடி ஹெப்பான்னு மடிப்பு மடிப்பா ஒரு ஃபில்டரு, அவ்வளவுதான், மீதியெல்லாம் லைட்டும் ஆப்பும். நல்ல ஹெப்பா 0.3 மைக்ரான் (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தூசியில 99.97 சதவீதம் புடிக்கும்னு சொல்றாங்களே, அது ஏன் குறிப்பா 0.3னா, அந்த சைஸைத்தான் புடிக்கறது கஷ்டம், அதைவிடப் பெருசு நேரா நாருல மோதி ஒட்டிக்கும், அதைவிடப் பொடிசு தள்ளாடித் தள்ளாடி எப்பிடியும் ஒரு நாருல மாட்டிக்கும். நம்ம தலைமுடி 50லிருந்து 70 மைக்ரான், அப்ப எவ்வளவு பொடிசுன்னு பாத்துக்கங்க. கடையில எல்லாரும் இந்த 99.97ஐத்தான் காட்டுவாங்க. நீங்க பாக்க வேண்டியது அது இல்லை, அட்டைப்பொட்டியில சின்னதா போட்டிருக்கற சிஏடிஆர், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து வருதுன்னு சொல்ற நம்பரு. 12க்கு 12 ரூம்பு, 10 அடி உசரம்னா சுமாரா 41 கன மீட்டர் காத்து இருக்கும், அது மணிக்கு அஞ்சு தடவையாவது ஃபில்டர்ல போயிட்டு வரணும்னா 200க்குப் பக்கத்துல வேணும். அக்காவோட மெஷினு 250, பெட்ரூமுக்குத் தாராளம். ஆனா அவ அதைக் கொண்டுபோய் ஹால்ல வெச்சா, ஹாலு மாடிப்படிக்குத் தொறந்து கெடக்குது, வாசக்கதவும் தொறந்து கெடக்குது, ஊருக்கே காத்தைச் சலிச்சுட்டு இருந்துச்சு.

இதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. நான் போயி பின்னாடி மூடியைக் கழட்டிப் பாத்தா ஃபில்டரு மேல பாலித்தீன் கவரு அப்பிடியே இருக்குது! ரெண்டு மாசம், பொழுதன்னிக்கும் ஓடிருக்கு, கவரோட. "அதுதான் ஒரு சத்தமும் இல்லாம ஓடுது, நல்ல மெஷினுன்னு நெனச்சேன்டி"ங்கறா. வாங்குனவங்க இப்பவே எந்திரிச்சுப் போயி ஒருக்கா பாத்துருங்க, கவரு உள்ளதான் இருக்கும்.

இப்ப எங்க பொட்டி. 2020ல கொரோனா சமயத்துல அமெரிக்காவுல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால்னு ரெண்டு பேரு யோசனையில வந்த சமாச்சாரம், நாலு பக்கம் ஃபில்டரை நிறுத்தி டேப் ஒட்டி மேல ஒரு ஃபேனை வெச்சா அதுவே பியூரிஃபையரு. அங்க இருக்கற 20 இஞ்சு சதுர ஃபேனு இங்க கடையில பாத்ததில்லை, அதனால வீட்டுக்காரரு 12 இஞ்சு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாரு. ஃபில்டரு கோயம்புத்தூர்ல ஏசி டக்ட் வேலை பாக்கற கடையில கெடச்சுச்சு, மெர்வ் 13ன்னு கேட்டு வாங்கணும், மெர்வ்னா ஃபில்டரு எவ்வளவு நல்லா தூசி புடிக்கும்னு சொல்ற தர நம்பரு, மீதி பிளைவுட்டும் டேப்பும். எல்லாம் சேத்து 4,500 ரூபாய். பாக்கறதுக்குக் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும், அழகையெல்லாம் கேக்காதீங்க.

மெர்வ் 13 ஹெப்பா இல்லையேம்பீங்க. ஆமா இல்லை, ரொம்பப் பொடி தூசியில, அதாவது 0.3ல இருந்து 1 மைக்ரான் வரைக்கும், ஒரு தடவையில பாதிதான் புடிப்பேன்னு அது உறுதி சொல்லுது. ஆனா இங்கதான் கணக்கு இருக்கு. மணிக்கு 200 கன மீட்டர் காத்தை இழுத்து கிட்டத்தட்ட முழுசாப் புடிக்கறதும், 400ஐ இழுத்துப் பாதியைப் புடிக்கறதும் ரூம்புக்குள்ள ஒண்ணுதான், ஏன்னா அதே காத்து திரும்பத் திரும்ப வந்து மாட்டுது. சாதா ஃபேனு முன்னாடி கெட்டி ஹெப்பாவைக் கட்டுனா ஃபேனுக்கு மூச்சுத் திணறிடும், காத்தே வராது. ஃபில்டரு லேசா இருக்கணும், நாலு பக்கமும் பரப்பு நெறைய இருக்கணும், அதான் சூட்சமம்.

ஒரு வாரம் ரெண்டையும் மாத்தி வெச்சுப் பாத்தோம், அக்கா மெஷினு எங்க பெட்ரூம்ல, எங்க பொட்டி அவ வீட்டுல. கூடவே பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கற பொடி தூசி ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம் இருக்குன்னு காட்டற சின்ன மீட்டரு ஒண்ணு கையில. கதவைச் சாத்திட்டு ஃபுல் ஸ்பீடுல விட்டா ரெண்டுமே அரை மணி நேரத்துல நம்பரை நல்லா எறக்கிடுச்சு, பெருசா வித்தியாசமே இல்லை, 7,500 ரூபாய் வித்தியாசம் எங்க போச்சுன்னு தேடற அளவுக்கு. ஆனா ராத்திரி வேற கதை. எங்க பொட்டி பஸ்ஸு வந்து நின்ன மாதிரி இரையும், அக்கா வீட்டுல மாமா ரெண்டாவது நாளே பாயைச் சுருட்டிட்டு ஹாலுக்குப் போயிட்டாரு. கம்பெனி மெஷினு ஸ்லீப் மோடுல பூனை மாதிரி இருக்கு, அதுல ஒரு ஏமாத்து என்னன்னா, அட்டையில போட்டிருக்கற 250 ஃபுல் ஸ்பீடுக்கான நம்பரு, ஸ்லீப் மோடுல அதுல ஒரு பங்குதான் வரும். அதனால வாங்கப் போறவங்க தேவைக்கு ஒரு சைஸ் பெருசா வாங்கி நடு ஸ்பீடுல ஓட்டுங்க.

இந்த மீட்டரைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒரு நாள் மத்தியானம் களத்துல பித்தைக் கிளறிட்டு இருக்காங்க, சன்னல் வெயில்ல தூசி கண்ணுக்கு நேரா ஆடுது, மெஷினு பச்சை லைட்டைக் காட்டிட்டு சொகமா ஒக்காந்திருக்கு. மீட்டர்லயும் 30தான். சாயந்தரம் அத்தை வரமொளகாய் தாளிச்சாங்க, உடனே செவப்பு, ஃபேனு அலறுது. என்னடான்னு பாத்தா, இந்த சின்ன லேசர் சென்சாருக்குப் புகை மாதிரிப் பொடிசுதான் நல்லாத் தெரியும், பித் தூசி மாதிரி கனமான துகளு அது கணக்குல சரியா ஏறறதே இல்லை. அதுமட்டும் இல்லை, கனமான தூசி காத்துல ரொம்ப நேரம் நிக்காது, மெஷினு இழுக்கறதுக்குள்ள கட்டிலு மேலயும் தலகாணி மேலயும் படிஞ்சுடும். நடந்தா மறுபடி கெளம்பும். இதுக்கு 12,000 ரூபாய் மெஷினும் ஒண்ணும் பண்ணாது, எங்க 4,500 ரூபாய் பொட்டியும் ஒண்ணும் பண்ணாது.

இங்கதான் ஈரத்துணி ரெண்டையும் தூக்கி அடிச்சுது. வெளக்கமாத்துல கூட்டறதை நிறுத்திட்டு ஈர மாப்பு, சாமானு மேல ஈரத்துணி, பையன் கட்டிலு விரிப்பு வாரம் ஒருக்கா சுடுதண்ணியில. களம் கிளறற நேரம் காலையில பத்துல இருந்து நாலு, அந்த நேரம் கிழக்கு சன்னலை மட்டும் சாத்தறது. கிளறி முடிச்சதும் தொறந்து வுட்டுடணும், மூடியே வெச்சா நம்ம மூச்சுக்காத்து உள்ளயே தேங்கிப் பொழுக்கமா இருக்கும், அதை எந்த ஃபில்டரும் எடுக்காது. கரி அடுப்புல வர்ற கார்பன் மோனாக்சைடையும் எடுக்காது, பியூரிஃபையர் இருக்குதுன்னு குளுருக்குக் கனப்பு வெச்சுட்டுப் படுத்துடாதீங்க சாமி.

அப்புறம் புகை. எங்க வீட்டு சுடுதண்ணி அடுப்பு சரியா பையன் ரூம்பு சன்னலுக்குக் கீழ இருந்துச்சு, அத்தை காலங்காத்தால மட்டையும் பன்னாடையும் போட்டு எரிப்பாங்க, மீட்டரு 300ஐத் தாண்டும். நானு மில்லுக்காரனைத் திட்டிட்டு இருந்தேன், சொந்த அடுப்பைப் பாக்கலை. உலக சுகாதார அமைப்பு 2021ல ஒரு நாள் சராசரிக்கு 15ன்னு வெச்சிருக்கு, நம்ம நாட்டு வரம்பு 60, இங்க விடியறதுக்கு முன்னாடியே கோட்டா முடிஞ்சுது. அடுப்பைத் தொழுவத்துக்கு அந்தாண்ட மாத்துனோம். அத்தை நாலு நாள் பேசலை. கொசுவத்தியையும் நிறுத்தி வலை கட்டுனோம், ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற பிஎம் 2.5 தூசி 75லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003லயே ஆராய்ச்சி வந்திருக்கு, நம்மதான் குழந்தை தலைமாட்டுல வெச்சுட்டு இருக்கோம். இந்த ரெண்டு வேலைக்கும் செலவு வலைக்கு 600 ரூபாய்.

செடி வெச்சா போதும்னு சொல்றவங்களுக்கு: 1989ல நாசா பண்ணுனது மூடுன சின்னப் பொட்டிக்குள்ள, அதுவும் வாயுக்களை வெச்சு. 2019ல பழைய ஆய்வையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டவங்க, சன்னலைத் தொறந்து வெக்கறதுக்கு ஈடாகணும்னா ஒரு சதுர மீட்டருக்குப் பத்துல இருந்து ஆயிரம் செடி வேணும்னாங்க. அழகுக்கு வெச்சுக்கங்க. உப்பு வெளக்கு பத்திப் பேச ஒண்ணும் இல்லை. கழுத்துல மாட்டற அயனைசரு, ஓசோன் விடற மெஷினு இதையெல்லாம் இளைப்பு இருக்கற வீட்டுப் பக்கமே கொண்டு வராதீங்க, ஓசோனு நுரையீரலை அரிக்கும்.

கரண்டு பெரிய செலவு இல்லை, 45 வாட் மெஷினு தெனம் பத்து மணி நேரம் ஓடுனா மாசம் 13, 14 யூனிட்டுதான். ஃபில்டருதான் காசு. அக்கா மெஷினுக்கு அந்தக் கம்பெனி ஃபில்டருதான் பொருந்தும், ஒண்ணு 3,000 ரூபாய், முன்னாடி இருக்கற வலையை வாராவாரம் கழுவுனாதான் அது ஒரு வருசமாவது வரும், ஹெப்பாவைத் தண்ணியில நனைச்சா போச்சு.

என்னைக் கேட்டா, ரோட்டோரத்துல லாரிப் புகைக்குப் பக்கத்துல இருக்கற அக்காவுக்கு அந்த மெஷினு சரிதான், பெட்ரூமுக்கு மாத்துன பின்னாடி. எங்களுக்கு அடுப்பை மாத்துனதும் ஈரத்துணியும்தான் முக்காவாசி வேலையைப் பண்ணுச்சு, பொட்டி பையன் தூங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஃபுல்லா ஓடும், அவன் படுத்ததும் சின்ன ஸ்பீடு. இளைப்பு கொறைஞ்சுதான் இருக்கு, இன்ஹேலரை நிறுத்தலை, டாக்டரு சொல்றவரைக்கும் நிறுத்தறதாவும் இல்லை.

மீட்டரு இப்ப அலமாரியில கெடக்குது. தெனம் பத்து மணிக்கு அத்தை டிவி மேல ஒரு வெரலை வெச்சு இழுத்து, அதை என் மூஞ்சிக்கு நேரா காட்டி, "கிளற ஆரம்பிச்சுட்டானுக, சன்னலைச் சாத்து கண்ணு"ம்பாங்க.