போ ஆர்ட்ஸ் ட்ரையோவின் ஹைடன் பெட்டி: எங்கே தொடங்கிக் கேட்பது?

பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடனின் பியானோ ட்ரையோக்களை (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான படைப்புகள்) முதல்முறை கேட்பவர்களுக்கு வரும் சந்தேகம், செல்லோ எதற்கு என்பதுதான். நியாயமான சந்தேகம். பெரும்பாலான இடங்களில் பியானோவின் இடக்கை வாசிக்கும் சுரங்களையே செல்லோவும் வாசிக்கிறது. ஹைடன் காலத்துப் பியானோவில் கீழ்ஸ்தாயி நாதம் சட்டென்று அடங்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் செல்லோ. இன்றைய பெரிய கிராண்ட் பியானோவுக்கு அந்தத் துணை தேவையில்லை. அதனால் பல ஒலிப்பதிவுகளில் செல்லோ அமுங்கிப் போகிறது.

போ ஆர்ட்ஸ் ட்ரையோ 1970களில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த முழுத் தொகுப்பில் (43 ட்ரையோக்கள், 9 சிடி) அப்படி ஆகவில்லை. பியானோவில் மெனகெம் பிரெஸ்லர், 1968இல் குழுவுக்கு வந்த ஐசிடோர் கோஹன் வயலின், செல்லோ மேதை கசால்ஸிடம் பயின்ற பெர்னார்ட் கிரீன்ஹவுஸ் செல்லோ. பிரெஸ்லர் இடக்கையை மிக இலேசாக வைத்து, பெடலைச் சிக்கனமாக மிதிக்கிறார். கனத்தைக் கிரீன்ஹவுஸ் ஏற்றுக்கொள்கிறார். இருவரும் ஒரே சுரத்தை ஒரே கணத்தில் தொடங்க, பியானோ தேய்ந்த பிறகும் வில்லின் நாதம் நிற்கிறது. குழு 1955இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசை விழாவில் தொடங்கியதிலிருந்தே பிரெஸ்லரும் கிரீன்ஹவுஸும் சேர்ந்து வாசித்தவர்கள். அத்தனை வருடப் பழக்கம் இல்லாமல் இது கைவராது. 1979இல் பிரிட்டனின் கிராமஃபோன் இசை இதழ் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவாக இதைத் தேர்ந்தெடுத்தது முழுக்கத் தகும்.

வாங்கியதும் முதல் சிடியிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். ஆரம்பகால ட்ரையோக்கள் பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்கு எழுதப்பட்டவை. நவீன பியானோவில் சற்றுச் சோர்வு தட்டும். 1790களில் எழுதியவற்றுக்கு நேராகப் போங்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு: ஒரே ட்ரையோவுக்கு இரண்டு பட்டியல் எண்கள், இசை ஆய்வாளர் ராபின்ஸ் லாண்டன் தந்தது ஒன்று, ஹோபோகன் தந்தது இன்னொன்று. இங்கே நான் சொல்வது லாண்டன் எண். 39 என்பது ஹோபோகன் 15:25, 40 என்பது 15:26, 43 முதல் 45 வரை 15:27 முதல் 15:29 வரை.

முதலில் 44, இ மேஜர். தொடக்கத்தில் வயலினும் செல்லோவும் தந்திகளை விரலால் மீட்ட, பியானோ அவற்றோடு ஒட்டிக்கொண்டு மெட்டைச் சொல்கிறது. மூன்றும் ஒரே வாத்தியம் போலக் கேட்கும். இரண்டாம் பகுதி இ மைனரில். மூவரும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டுப் பியானோவைத் தனியே விடுகிறார்கள். கீழ்ஸ்தாயியில் ஓயாமல் நடக்கும் பாஸ் வரியின் மேல் பிரெஸ்லர் அவசரமே படுவதில்லை. இந்தப் பெட்டியின் உச்சம் என் கணக்கில் இதுதான். அடுத்து 40. அதன் மெதுவான பகுதி ஹைடனின் 102ஆம் சிம்பொனியிலும் வருவது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிரபலமான ‘ஜிப்சி ரோண்டோ’ 39இல் கடைசிப் பகுதி. 43இன் முடிவுப் பகுதியையும் விடாதீர்கள், விரல்கள் பறக்கும்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் செல்லோ அடியோடு போய்விடும்; சுமாரான ஹெட்ஃபோனாவது வேண்டும்.

கோஹனின் வயலினில் சுரத்தை அசைத்து வாசிக்கும் வைப்ரேட்டோ கொஞ்சம் தாராளம். ஹைடன் காலத்து வாசிப்பு முறையை விரும்புபவர்களுக்கு அது உறுத்தலாம். அவர்கள் ஹைடன் காலத்துப் பியானோவான ஃபோர்ட்டே பியானோவில் வாசித்த பதிவுகளைத் தேடுவது நல்லது. அங்கே செல்லோவின் வேலை தானாகவே விளங்கிவிடும்.